பல்லில்லாத பக்கெட்

“பல்லைக் கழட்டிட்டேன். கட்டைவிரலையும் எடுத்து வச்சிருக்கேன். இனிமே கையை மடக்கி மெதுவா உள்ள இறக்க வேண்டியதுதான் பாக்கி.”

பக்கத்து வீட்டு லாரிக்காரர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் வரும் இடத்தில் தன் சொந்தக் கட்டைவிரலை மற்றக் கைக்குள் ஒளித்துக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பல் கூசியது.

“யார் சொன்னது, யார்கிட்ட, எப்போ?” என்றார் மேடம்.

மேடம் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்தவர். எரிந்துபோன குடோனில் சரக்கே இருந்ததில்லை என்று சாம்பலைப் பார்த்துச் சொன்னவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் குடை தூக்குபவன். எனக்கு முப்பத்தெட்டு வயது ஆகிறது. அவர் இன்னும் என்னை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுகிறார்.

“இவங்க கொழுந்தன்தான் மேடம். வியாழக்கிழமை சாயங்காலம் இதே இடத்துல நின்னு போன்ல சொன்னான். நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தேன். கை கால் ஓடலை எனக்கு.”

நாங்கள் நின்றிருந்தது ஒரு வீட்டின் பின்பக்கம். நடுவில் ஒரு குழி. குழியோரம் மஞ்சள் நிறத்தில் மண் தோண்டும் ஒரு குட்டி எக்ஸ்கவேட்டர், கையை மடக்கிக்கொண்டு நின்றது. ஒரு சின்னக் கார் அளவுதான் இருக்கும். அதன் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தாள் எங்களை வரச்சொன்ன அம்மா. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒன்பது நாளாக அழுததில் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“என் வீட்டுக்காரர் மெஷின் ஆபரேட்டர் மேடம். பெரிய மெஷின் எல்லாம் ஓட்டுவார். ஒன்பது நாள் முன்னாடி வேலைக்குக் கிளம்பினவர்தான். போன் அணைஞ்சே கிடக்கு. முந்தின நாள் அண்ணனும் தம்பியும் கதவைச் சாத்திக்கிட்டு ஒரே சத்தம். என்னன்னு கேட்டா ரெண்டும் வாயே திறக்கலை. அவர் போய் அஞ்சாம் நாள் கொழுந்தன் இந்த மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தறான். தண்ணித் தொட்டி கட்டப் போறானாம். அண்ணனைக் காணோம், இவனுக்குத் தொட்டி கேக்குது!”

“கொழுந்தன் என்ன வேலை பாக்கறார்?”

பதில் லாரிக்காரரிடமிருந்து வந்தது.

“பல் செட் செய்யறவன் மேடம். ஒரு வாயைப் பார்த்தா அது யாரோடதுன்னு சொல்றவன். பல்லில்லேன்னா பிணம் யாரோடதுன்னு கண்டுபிடிக்க முடியாதாமே? அவனுக்குத் தெரியாதா?”

நான் மெல்ல இரண்டடி பின்வாங்கிக் குழியிலிருந்து தள்ளி நின்றேன். கேட்ட பேச்சு, செய்கிற தொழில், தோண்டிய குழி, மூன்றும் ஒன்றோடொன்று இவ்வளவு அழகாகப் பொருந்தியதை நான் பார்த்ததில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அழகாகப் பொருந்துகிற எதுவும் அவருக்குப் பிடிக்காது.

“போலீஸுக்குப் போகலையா?”

“போறேன்னுதான் சொன்னேன். இந்த அண்ணன்தான் வேணாங்கறார்” என்றாள் அவள்.

“குடும்ப மானம் மேடம்” என்றார் லாரிக்காரர். “முதல்ல அவனைத் தனியா வச்சு விசாரிங்க. அவன் யார்கூடப் போன்ல பேசறான், அது எந்த நம்பர், அந்த ஆள் எங்க இருக்கான், அதைக் கண்டுபிடிங்க. அது போதும். குழியை நான் பாத்துக்கறேன். நாலு மணிக்கு ரெண்டு லோடு மண் சொல்லியிருக்கேன், கொட்டி மூடிடலாம். திறந்து கிடந்தா யாராவது விழுந்து வைப்பாங்க.”

“இவர் எங்களுக்குக் கூடப் பிறக்காத அண்ணன் மாதிரி” என்றாள் அவள். “போன வருஷம் இங்க பெரிய பள்ளமா இருந்துது. மழை பெஞ்சா தண்ணி நிக்கும். நாங்க ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிட்டு வந்து பாத்தா, இவரே மண்ணடிச்சு மைதானமாக்கி வச்சிருந்தார். ஒரு பைசா வாங்கலை.”

லாரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நல்லவர்களுக்கு வரும் வெட்கம்தான் அது என்று நினைத்தேன்.

மேடம் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். “இறங்கு, வாலு.”

“நானா? உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தா?”

“நகர்ந்து உக்காரச் சொல்லு.”

இறங்கினேன். ஆழம் நாலடி. நீளம் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கும் அளவு. சுவரில் மேலே ஒன்றரை அடிவரை சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை. தரை வழவழவென்று சமமாக இருந்தது.

“இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு மேடம்” என்று கத்தினேன். அந்த அம்மா முறைத்தாள். தொழிலை இழுத்திருக்கக் கூடாதுதான்.

“வியாழக்கிழமைக்கு அப்புறம் தோண்டலையா?”

“எப்படித் தோண்டுவான்? சாவிதான் என்கிட்ட இருக்கே” என்று அவள் சேலை முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். “அன்னிக்கு ராத்திரி இந்த அண்ணன் வந்து அவன் பேசினதைச் சொன்னதுமே பிடுங்கிட்டேன். ‘அண்ணி, ஒரு மணி நேரம் கொடுங்க, கேள்வி கேக்காதீங்க’ன்னு கெஞ்சறான். செருப்பைக் கழட்டிட்டேன்.”

“சுவர் இவ்வளவு பக்கத்துல இருக்கே, மெஷின் திரும்பும்போது இடிக்கலையா?” என்று சும்மா கேட்பதுபோல் மேடம் கேட்டார்.

“இடிக்காது மேடம். இதுக்குப் பின்னால வால் கிடையாது. நின்ன இடத்துலயே சுத்தும்” என்றார் லாரிக்காரர். உடனே, “எனக்கு இந்த மெஷின் சமாசாரமெல்லாம் தெரியாது, யாரோ சொல்லக் கேட்டது” என்றும் சேர்த்துக்கொண்டார்.

“எங்கிட்ட ஒரு வால் இருக்கு, சும்மா நிக்கவே நிக்காது” என்றார் மேடம். “வாலு, வண்டியை எடு.”

*

மெஷின் வாடகைக்கு விடும் யார்டு, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய் வாசனை. தகரக் கூரைக்குக் கீழே இரும்புச் சாமான்கள் வரிசையாகக் கிடந்தன. யார்டுக்காரர் குள்ளமாக, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மாட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நாங்கள் மெஷின் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் பாவம்.

“என்ன வேலைன்னு சொல்லுங்க, என்ன மாட்டணும்னு நான் சொல்றேன்” என்று நடக்க ஆரம்பித்தார். “மெஷின் வெறும் கைதான் சார். நுனியில எதை மாட்டறோமோ அதுதான் வேலை. இது பிரேக்கர், கான்கிரீட் உடைக்க. இது ஆகர், வேலிக்காலுக்குத் துளை போட. இந்த ஒத்தைக் கொம்பு ரிப்பர், இறுகின மண்ணைக் கீறும். இது பல்லுள்ள பக்கெட். சாதாரணமாத் தோண்ட இதுதான்.”

பக்கெட்டின் வாயோரம் தடித்தடியாக நாலு இரும்புப் பற்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய இடது புருவம் அரை அங்குலம் ஏறியிருந்தது.

“இதை நீங்க என்னன்னு சொல்வீங்க?”

“பல்லு. வேற என்ன சொல்வாங்க?”

“அப்போ இது?” பக்கத்தில் மூன்றடி அகலத்தில், ஓரம் கத்தி மாதிரி நேராக, பல்லே இல்லாமல் ஒன்று கிடந்தது.

“அது மொட்டை. மண்ணை வழிச்செடுக்க, சமன் பண்ண. அதோ கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கே, அது கட்டைவிரல். பக்கெட்டுக்கு எதிர்ல மாட்டினா, ரெண்டும் சேர்ந்து ஒரு சாமானைப் பிடிச்சுத் தூக்கும், நாம விரலால எடுக்கற மாதிரி.”

“மேடம்!” என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. “பல்லைக் கழட்டிட்டு, கட்டைவிரலை எடுத்து வச்சுட்டு, கையை மடக்கி... அந்த ஆள் பிணத்தைப் பத்திப் பேசலை. மெஷினைப் பத்திப் பேசியிருக்கார்!”

“மெல்லப் பேசு. அதுல பாதிதான் நல்ல செய்தி” என்றார் மேடம். பிறகு யார்டுக்காரரிடம் பல் செட்காரரைப் பற்றிக் கேட்டார்.

“மறக்க முடியுமா அவரை? செவ்வாய்க்கிழமை வந்தார். ஸ்டீயரிங் எங்கேன்னு தேடினார் சார், லீவர்ல ஓட்டற மெஷின்ல! ஒரு மணி நேரம் கத்துக்கொடுத்தேன். ஆனா சாமான் மட்டும் கரெக்டா கேட்டார். ஒன்றரை அடி பல் ஒண்ணு, மூணடி மொட்டை ஒண்ணு, கட்டைவிரல் ஒண்ணு. பிரேக்கர் சும்மாவே தரேன்னேன், வேண்டாம்னார். தண்ணித் தொட்டிக்குன்னா மொட்டையும் கட்டைவிரலும் எதுக்குன்னேன். மென்னு முழுங்கினார்.”

“நீங்களா இருந்தா மொட்டை எப்போ போடுவீங்க? தோண்டும்போது?”

யார்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேல் மண் இறுகியிருக்கும், அதுக்குப் பல். கீழே கேபிள், குழாய் ஏதாவது இருக்குன்னு தெரிஞ்சா பல்லைக் கழட்டிட்டு மொட்டை போட்டு வழிப்போம். பல் பட்டா கிழிச்சுடும். உள்ளே கிழியக்கூடாதது எதுவோ இருந்தாத்தான் மொட்டை.”

கிழியக்கூடாதது. புதைத்துவிட்டு, இப்போது அந்த இடம் சரியில்லை என்று அலுங்காமல் வெளியே எடுக்கிறானோ? கேட்டேவிட்டேன்.

“அண்ணன் போய் அஞ்சு நாள் கழிச்சுத்தான் மெஷின் வந்தது. அந்த அம்மா தினமும் பின்பக்கம் துணி காயப்போடறாங்க. புதுசா மண் கிளறியிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார் மேடம். “புதைக்க வர்ற ஆளுக்கு மொட்டை வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம். அது எடுக்கற ஆளோட செட். அங்கே பழைய சரக்கு ஒண்ணு இருக்கு. சரி, ஐயா, பல் செட்காரர் உங்களுக்கு வியாழக்கிழமை போன் பண்ணினாரா?”

“எனக்கா? என் நம்பரே அவர்கிட்ட கிடையாது. ஆனா போன் பண்ணிக்கிட்டேதான் இருந்தார். ரெண்டு மாடல் இருக்கு, பக்கெட் மாட்டற பின் முப்பது எம்.எம்.மா, முப்பத்தஞ்சான்னு கேட்டேன். ‘ஒரு நிமிஷம்’னு அந்தக் கண்டெய்னருக்குப் பின்னால போய்ப் பேசிட்டு வந்து ‘முப்பது’ன்னார். கட்டைவிரலுக்கு எண்ணெய் ஹோஸ் இருக்கு, சரியான்னேன். மறுபடி கண்டெய்னர். வந்து, ‘ஹோஸ் வாய்ல துணி கட்டிக் கொடுங்க, மண் போயிடும்’கிறார். என் கடை ஆளுங்களுக்கே அது தோணாது சார்.”

மேடம் சிரித்தார். அவர் சிரித்தால் யாரோ ஒருவருக்குக் கெட்ட நேரம்.

“வேற யாராவது இந்த மெஷினைப் பத்தி விசாரிச்சாங்களா?”

“நம்ம லாரிக்காரர் வந்தார். மெஷினை உடனே திருப்பி எடுத்துக்கன்னு ஒரே சண்டை. முடியாதுன்னுட்டேன். பழகின ஆள்தான், இருபது வருஷமா மண் அடிக்கறார். என் பக்கெட் ரிப்பேருக்குப் போறதே அவர் லாரியிலதான்.”

மேடம் அவரைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ சொன்னார். பிறகு எங்கோ போன் செய்தார். ‘இன்ஸ்பெக்டர்’ என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது.

*

பல் செட் கூடம் ஒரு மாடியில், ஒரே அறை. உள்ளே நுழைந்ததும் நாற்பது வாய்கள் எங்களைப் பார்த்து இளித்தன. வெள்ளை மாவு அச்சுகள், ரோஜா நிற ஈறுகள். அவற்றுக்கு நடுவே ஒல்லியாக ஒருவர், சின்னச் சக்கரத்தில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் லீவர் பிடித்துக் கொப்பளித்திருந்தன.

“அண்ணி அனுப்பினாங்களா?” என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. “நான் பல் கட்டறவன் மேடம். கழட்டறவன் இல்லை.”

“பக்கெட்ல கழட்டியிருக்கீங்களே.”

சக்கரம் நின்றது.

“வியாழக்கிழமை யார்கிட்ட அதைச் சொன்னீங்க?”

“யார்டுக்காரர்கிட்ட.”

“அவர் இல்லைங்கறார்.”

தேய்த்த பல்லை எடுத்து ஊதித் துடைக்க ஆரம்பித்தார். ஆள் கல்லுளிமங்கன் என்று தெரிந்துபோனது. மேஜைமேல் இருந்த அவருடைய போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்து, அணைத்து, சட்டைப்பைக்குள் போட்டார். நெற்றியில் வியர்வை. இந்த நிமிஷத்தில் என்னைக் கேட்டிருந்தால், ஆள் எதையோ மறைக்கிறான் என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருப்பேன்.

மேடம் ஒரு பல் அச்சை எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க எதுவும் சொல்ல வேணாம். நான் ஒரே ஒரு தகவல் சொல்லிட்டுப் போறேன். நாலு மணிக்கு உங்க குழியில ரெண்டு லோடு மண் விழப்போகுது.”

அவர் முகம் மேஜைமேல் கிடந்த மாவு அச்சைவிட வெளுத்தது.

“மண்ணா? யார்... அவரா? அண்ணி ஒத்துக்கிட்டாங்களா?”

“அவங்களுக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன் ஆச்சே. இப்போ மணி மூணே கால். யாருக்காவது போன் பண்ணணும்னா வண்டியில வரும்போது பண்ணிக்கங்க.”

அவர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எங்களுக்கு முன்னால் படியிறங்கினார். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து, போனை வாயோடு ஒட்டி, கையால் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார். நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“மேடம், இவர் குற்றவாளியா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. அதுக்கேத்த மாதிரி பிரேக் போடறேன்” என்று கிசுகிசுத்தேன்.

“முன்னாடி பாத்து ஓட்டு” என்றார்.

*

சந்துக்குள் லாரி பின்பக்கமாக ஏறி, வீட்டுப் பின்வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மண் மலைபோல் குவிந்திருந்தது. லாரிக்காரர் கையை ஆட்டி டிரைவருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். பல் செட்காரரைப் பார்த்ததும் அந்தக் கை அந்தரத்தில் நின்றது.

“இவனை எதுக்கு மேடம் இங்க கூட்டிட்டு வந்தீங்க? தங்கச்சி, உள்ளே போம்மா!”

சலவைக் கடை அம்மா போகவில்லை. கையில் துடைப்பத்தோடு வந்து குழியோரம் நின்றாள்.

லாரி இன்னும் ஒரு அடி பின்னால் வந்தது. “வாலு, இறங்கு” என்றார் மேடம். இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசவில்லை. குழிக்குள் குதித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“கொட்டறதுன்னா என்னையும் சேர்த்துக் கொட்டுங்க. எனக்குக் குடும்பம் குட்டி கிடையாது, ஆனா ஸ்கூட்டர் தவணை பாக்கி இருக்கு.”

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டான்.

மேடம் லாரிக்காரரிடம் திரும்பினார். குரல் மிக மரியாதையாக இருந்தது. “நீங்க இருபது வருஷமா மண் அடிக்கறீங்களாமே. யார்டுல சொன்னாங்க.”

“ஆமா. அதுக்கென்ன?”

“இருபது வருஷமா பக்கெட்ல மண் அள்ளி உங்க லாரியில போடறாங்க. பக்கெட்டுக்குப் பல் உண்டுன்னு உங்களுக்குத் தெரியாதா? இந்த அம்மா இஸ்திரி போடறவங்க. ‘பல்லைக் கழட்டிட்டேன்’னா இவங்களுக்கு வாய்தான் ஞாபகம் வரும். என் வாலுவும் அப்படித்தான் பயந்தான். ஆனா நீங்க பயந்திருக்க முடியாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டப்பவே, உள்ளே இருக்கறது கிழியாம எடுக்க மொட்டை பக்கெட் மாட்டறாங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அதை இவங்ககிட்டக் கொலையா மாத்திச் சொல்லி, சாவியைப் பிடுங்க வச்சீங்க.”

லாரிக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “கட்டுக்கதை.”

“இன்னொண்ணும் இருக்கு. பக்கத்து வீட்டுக் குழியில பிணம் இருக்குன்னு நம்பற மனுஷன் ‘தோண்டிப் பாருங்க’ன்னு கத்துவான். நீங்க காலையிலேர்ந்து ‘மூடு மூடு’ங்கறீங்க.” மேடம் அந்த அம்மாவிடம் திரும்பினார். “அம்மா, சாவியைக் கொடுங்க. உங்க கொழுந்தன்கிட்ட.”

அவள் முந்தானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் பள்ளத்தை மூடிக் கொடுத்த அண்ணன். இன்னொரு பக்கம், புருஷனைக் கொன்றான் என்று ராத்திரி பகலாக அவள் சபித்த கொழுந்தன். குழியிலிருந்து அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மாதிரி ஒரு முகத்தை நான் திரும்பப் பார்க்க விரும்பவில்லை.

“உள்ளே அவர் இருந்தார்னா?” என்றாள் பல் செட்காரரைப் பார்த்து.

“இல்லை அண்ணி. சத்தியமா இல்லை.”

“தங்கச்சி, கொடுக்காதே!” என்று லாரிக்காரர் கத்தினார்.

அந்தக் கத்தலைக் கேட்டதும்தான் அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

நான் குழியைவிட்டு ஏறினேன். தயாராக வைத்திருந்த கட்டைவிரலைப் பல் செட்காரர் மாட்டினார். மெஷின் உறுமியது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு லீவருக்குப் பக்கத்தில் வைத்தார். மெஷினின் கை ஒருமுறை குலுங்கிவிட்டுக் குழிக்குள் நீண்டது. மொட்டை பக்கெட் ஒரு விரல்கடை மண்ணாக வழித்து வழித்து எடுத்தது. நாலாவது வழிப்பில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

“துணி மாதிரி தெரியுது” என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

“நிறுத்து” என்றது போன். “பக்கெட்டைத் தூக்கு. இப்போ கட்டைவிரலை மூடு. மெல்ல... டேய், மெல்லடா! முட்டையைப் பிடிக்கற மாதிரி பிடி. ஓரத்தைப் பிடிச்சு உன் பக்கம் இழு.”

துடைப்பம் கீழே விழுந்தது. நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் வரவில்லை.

பச்சைத் தார்ப்பாய் மடிப்பு மடிப்பாக மேலே வந்தது. ஒரு இடத்திலும் கிழியவில்லை. அடியில் வரிசையாக நீல நிற டிரம்கள், மூடியோரம் ஏதோ கசிந்து மண்ணைக் கறுப்பாக்கியிருந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி. தார்ப்பாயின் நடுவில் வெள்ளைப் பெயின்டில் ஒரு லாரி நம்பர். பின்வாசலை அடைத்து நின்ற லாரியின் பின்கதவிலும் அதே நம்பர்.

“ஃபாக்டரிக் கழிவு. கல்யாணத்துக்குப் போன நேரம் பாத்து நம்ம வீட்டுலயே புதைச்சிருக்கார் அண்ணி” என்றார் பல் செட்காரர். “கிணத்துத் தண்ணி நாறுதுன்னு அண்ணன் கண்டுபிடிச்சார். போய்க் கேட்டதுக்கு மறுநாளே லாரி அவர் பைக்கை உரசிட்டுப் போச்சு. போலீஸுக்குப் போகலாம்னு நான் சத்தம் போட்டேன். அண்ணன் மெஷின்காரர், வீடு அண்ணனோடது. அண்ணனே புதைச்சார்னு இவர் சொல்லிட்டா? அதான் அண்ணன் ஒளிஞ்சுக்கிட்டு என்னைத் தோண்டச் சொன்னார். இந்த நம்பர் ஒண்ணுதான் சாட்சி. பல்லால தோண்டியிருந்தா நார் நாராப் போயிருக்கும்.”

லாரிக்காரர் லாரியோரமாக நுழைந்து சந்துக்குள் ஓடினார். பத்தடிகூடப் போகவில்லை. லாரிக்கு முன்னால் யார்டின் டிரெய்லர் குறுக்கே நின்றது. அதிலிருந்து யார்டுக்காரர் இறங்கினார், அவரைத் தொடர்ந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். நாலு மணிக்குச் சரியாக வரச் சொல்லியிருந்தார் மேடம்.

“உயிரோட இருக்கார்னு எப்போ தெரிஞ்சுது மேடம்?” என்று கேட்டேன்.

“ஹோஸ் வாய்ல துணி கட்டச் சொன்னப்போ. லீவரைக் கண்டு பயந்த ஆளுக்கு அது எப்படித் தெரியும்? போன்ல ஒரு ஆபரேட்டர் இருந்தார். இந்த வீட்டுல காணாமப் போனதும் ஒரு ஆபரேட்டர்தான். அப்பவே சொல்லியிருந்தா உன் வாய் சும்மா இருக்குமா?”

அந்த அம்மா மெஷினுக்கருகில் போனாள். போனை எடுத்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீ அழணும். நீ அழலேன்னா, நான் உயிரோட இருக்கேன்னு பக்கத்து வீட்டுக்காரன் கண்டுபிடிச்சுடுவான். உனக்கு நடிக்க வராது. மன்னிச்சுக்க. இப்பவே கிளம்பி வரேன்.”

அவள் போனை அணைக்காமலே மடியில் வைத்துக்கொண்டு ஏணிப்படியில் உட்கார்ந்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் டிரெய்லரில் சங்கிலியை எடுத்துக்கொண்டிருந்த யார்டுக்காரரைக் கையை நீட்டித் தடுத்தாள்.

“மெஷின் இன்னிக்கு எங்கேயும் போகாது” என்றாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “மொட்டையைக் கழட்டு. பல்லு வச்சதை எடுத்து மாட்டு. உங்கண்ணன் வரட்டும்.”